முன்வரிசையை மாற்றியது யார்

கூடுவாஞ்சேரி
12 மே 2025

ஜெபாவுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உசாமா போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் கட் செய்தாய். வேறு வழியில்லாமல்தான் தபால். கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது, கை வலிக்கிறது. நீ இப்போது மாமல்லபுரத்தில் உன் அண்ணன் ஆல்வின் வீட்டில் இருப்பதாக உசாமா சொன்னான். விலாசமும் அவன் கொடுத்ததுதான், அவனைத் திட்டாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் டான்ஸ் ஸ்டூடியோ ஆண்டு விழா முடிந்து ஒரு வாரம் ஆகிறது. குழந்தைகள் பேட்ச்சை எடுக்க ஆளில்லை. உசாமா பெரிய பையன்களுக்கு ஹிப்-ஹாப் சொல்லிக் கொடுக்கிறவன், ஆறு ஏழு வயசுப் பிள்ளைகள் நடுவில் விட்டால் அவனே அழுதுவிடுவான் போல் நிற்கிறான். ஜானகிராமன் மாஸ்டர் பரதத்தைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறார். பெற்றோர் தினமும் கேட்கிறார்கள். டிரஸ் பீரோ சாவியும் உன்னிடம்தான் இருக்கிறது.

செங்கல்பட்டு மண்டபத்தில் நடந்தது நடந்துவிட்டது. உன் பிள்ளைகள் பாட்டு பாதியில் ஒருவர் மேல் ஒருவர் மோதி, ஹனியா நடு மேடையில் உட்கார்ந்து அழுது, திரையை இழுக்க வேண்டியதாயிற்று. மண்டபம் நிறைய ஆட்கள், அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஸ்டூடியோ நடத்துகிறவள் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியாக வேண்டாமா? அதனால்தான் மைக்கைப் பிடித்து, "இது பயிற்சி கொடுத்த ஜெபா மிஸ்ஸோட கவனக்குறைவு, நடவடிக்கை எடுப்போம்" என்றேன். கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக டீச்சர்களுக்குப் பொன்னாடை போடும் நேரத்தில் மேடைக்கு வராமலே கிளம்பிப் போவதா? ஆறு வருஷம் என்னோடு இருந்தவள் நீ. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ரோஷமா?

திங்கட்கிழமை வந்துவிடு. நடந்ததைப் பற்றி நான் பேசமாட்டேன், நீயும் பேசாதே.

அஃப்ஸானா

*

மாமல்லபுரம்
17 மே 2025

அஃப்ஸானா மேடம்,

சாவியைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் மைக்கில் பேசும்போது மூன்றாவது வரிசையில் யார் இருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் அம்மாவும் அப்பாவும். அச்சரப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். ஆறு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை. "அந்த மாதிரி எடத்துல நாங்க எங்கடி குந்துறது" என்று ஒவ்வொரு வருஷமும் தட்டிக்கழித்தவர்களை, நான்தான் சண்டை போட்டு வரவழைத்தேன். எங்கள் அப்பா முத்துசாமி இப்போது மதுராந்தகத்தில் அரிசி மில் வாட்ச்மேன். அதற்கு முன் பாதி ஆயுசு அடுத்தவர் நிலத்தில் போனது. நீங்கள் என் பெயரைச் சொல்லி நடவடிக்கை என்றதும் அவர் எழுந்து நின்றார். கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். கையைக் கூப்பியபடி நின்றார் மேடம். பக்கத்தில் இருந்த யாரோ சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நான் மேடைக்குக் கீழே இருந்து இதைப் பார்த்தேன். உங்கள் பொன்னாடைக்கு நான் எப்படி வருவேன்?

வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவிடம், "பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சாம்?" என்று மட்டும் கேட்டாராம்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒத்திகையில் முன்வரிசை நடுவில் நின்றவள் ஹனியா. திரை விலகும்போது அந்த இடத்தில் ரித்திகா நின்றாள். ஹனியா பின்வரிசை ஓரத்தில் இருந்தாள். வரிசையை டீச்சர்தான் முடிவு செய்வார், ஆபீஸ் தலையிடாது, இது ஸ்டூடியோ ஆரம்பித்த நாளில் நீங்கள் போட்ட சட்டம். சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. அப்படியானால் முன்வரிசையை மாற்றியது யார்?

போனில் கேட்டால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவீர்கள். வேலையே வேண்டாம் என்று அழுதுகொண்டு வருகிறவளை டீ குடிக்க வைத்து, சிரிக்க வைத்து, கூடுதலாக ஒரு பேட்ச்சும் தலையில் கட்டி அனுப்புகிற ஆள் நீங்கள். அதனால் எழுதுங்கள். பேப்பரில் எழுதினால் திருப்ப முடியாது.

ஜெபா

*

கூடுவாஞ்சேரி
22 மே 2025

ஜெபா,

மேடம் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்தேன்.

உன் அப்பா வந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் பேசியிருக்கமாட்டேன் என்று எழுத வந்தேன். எழுதும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று புரிகிறது. அப்பா இல்லாவிட்டால் பேசலாமா?

வரிசையை மாற்றியது நான்தான்.

டைல்ஸ் கடை சம்பத் சாரை உனக்குத் தெரியும், ரித்திகாவின் அப்பா. மண்டபத்து மைக் செட், லைட், பேனர் எல்லாம் இந்த வருஷம் அவர் உபயம். உங்கள் ஐட்டத்துக்கு முந்தின பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மேடைக்குப் பின்னால் வந்தார். "இன்னா மேடம் இது, பேனர்ல எம்பேரு முன்னாடி கீது, எம்பொண்ணு பின்னாடி கீறா? போட்டோல தலகூடத் தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே போய் ரித்திகாவின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன், ஹனியாவைப் பின்னால் தள்ளினேன். அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். "சமத்து" என்று கன்னத்தைத் தட்டினேன்.

உன்னிடம் சொல்ல வந்தேன். நீ அதற்குள் மேடைக்குக் கீழே போய்விட்டாய். சின்னப் பிள்ளைகள் ஆடும்போது டீச்சர் கீழே இருட்டில் நின்று கண்ணாடி மாதிரி எதிர்ப்பக்கமாக ஆடிக் காட்ட வேண்டும், பிள்ளைகள் கூட்டத்தைப் பார்க்காமல் மிஸ்ஸை மட்டும் பார்த்து ஆட வேண்டும், இது உன் ஏற்பாடுதானே. அதனால் யார் எங்கே நின்றால் என்ன, ஜெபாவைப் பார்த்து ஆடிவிடுவார்கள் என்று நினைத்தேன். முன்வரிசை ஒரு பக்கமும் பின்வரிசை மறுபக்கமும் குறுக்கே ஓட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு எங்கே ஞாபகம் இருந்தது. எனக்கு ஆடத் தெரியாது. கட்டடம் பிடிப்பேன், ஆள் பிடிப்பேன், டைம்டேபிள் போடுவேன். அவ்வளவுதான் நான்.

ஹனியா அதற்குப் பிறகு வரவில்லை. அவள் அப்பா மொய்னுதீன் பாயின் செல்போன் கடைக்குப் போனேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டார்களாம். "நம்ம வூட்டுப் புள்ளய மேடையேத்தாதன்னு அன்னிக்கே சொன்னோமே, இப்ப பாரு அசிங்கம்" என்று. எனக்கு இது புதிதில்லை. நான் ஸ்டூடியோ திறந்தபோது எங்கள் வீட்டில் கேட்ட பேச்சும் இதுதான். ஒவ்வொரு வாயாக அடைத்துத்தான் இந்த இடத்துக்கு வந்தேன். இப்போது நானே அந்த வாய்களுக்கு அவல் போட்டிருக்கிறேன்.

தப்பு என்னுடையது ஜெபா. மன்னித்துக்கொள். ஆனால் இது நமக்குள் இருக்கட்டும். சம்பத் சார் காதுக்குப் போனால் அவர் குடியிருக்கிற அபார்ட்மெண்ட் பிள்ளைகள் மொத்தமும் போய்விடும். உன் அப்பாவிடம் நானே நேரில் போய்ப் பேசுகிறேன். நீ திரும்பி வா. உன்னைத் தலைமை ஆசிரியையாகப் போடுகிறேன்.

அஃப்ஸானா

*

மாமல்லபுரம்
27 மே 2025

அக்கா,

பழக்கதோஷத்தில் அக்கா என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.

திட்டியது ஊர் நடுவில், மன்னிப்பு மட்டும் நமக்குள்ளா? நல்ல கணக்கு. எங்கள் வீட்டுக்குப் போக வேண்டாம். நீங்கள் காரில் போய் இறங்கினால் அப்பா துண்டை உதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, நீங்கள் எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்பார். அதைக் கேட்டுவிட்டு மனசு லேசாகித் திரும்பி வருவீர்கள். அந்த லேசு உங்களுக்குக் கிடைக்கக் கூடாது.

இங்கே ஒரு ரிசார்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது. வந்து தங்குகிற குடும்பங்களின் பிள்ளைகளைச் சாயங்காலத்தில் நீச்சல் குளத்துப் பக்கம் சேர்த்து ஆட வைக்க வேண்டும். முன்வரிசை பின்வரிசை கிடையாது. ரெண்டு நாளில் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடும், பெயர் கூடத் தெரியாது. நிம்மதியாக இருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. நேற்று ரிசார்ட்டில் எங்களை மேற்பார்வை பார்க்கிற அம்மா போனை நீட்டி, "இது நீதானா?" என்று கேட்டார். யாரோ நம் விழாவை முழுசாக நெட்டில் போட்டிருக்கிறார்கள். உங்கள் குரலில் என் பெயர். "புள்ளைங்க விஷயம், பாத்து நடந்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆல்வின் அண்ணன் கேட்கிறான், "இன்னா பண்ண நீ அங்க?" என்று. கூடப் பிறந்தவன்கூடக் கேட்கிறான்.

தலைமை ஆசிரியை பதவி வேண்டாம். ஜூன் முதல் தேதி பெற்றோர் கூட்டம் இருக்கிறதே, அதில் அதே மைக்கில் அதே சத்தத்தில் சொல்லுங்கள். முன்வரிசையை நான் மாற்றினேன், ஜெபாவுக்குத் தெரியாது என்று. இரண்டு வாக்கியம். அதற்குப் பிறகு நான் வருவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

இன்னொன்றும் எழுத உட்கார்ந்தேன். எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். அது இப்போது வேண்டாம்.

ஜெபா

*

கூடுவாஞ்சேரி
3 ஜூன் 2025

ஜெபா,

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உசாமா மூலமாக உனக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மேல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சீக்கிரமே வந்து, யாரும் இல்லாத ஹாலில் கண்ணாடி முன்னால் நின்று அந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. கூட்டத்தில் மைக்கைக் கையில் எடுத்தேன். முன்னால் சம்பத் சார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "அன்னிக்கு நிர்வாகத் தரப்பிலும் சில சின்னக் குறைபாடுகள் இருந்தன." நான்தான் நிர்வாகம், ஆனால் யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரிச் சொன்னேன். அப்படியே புது யூனிஃபார்ம் கலருக்குப் போய்விட்டேன். ஜானகிராமன் மாஸ்டர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கூட்டம் முடிந்து டீச்சர்களோடு உட்கார்ந்தேன். எப்போதும் மிக்சர் தட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள், தட்டைத் தொடவே இல்லை. உசாமாதான் கடைசியில் வாயைத் திறந்தான். "அக்கா, நாளைக்கு எனக்கும் இதே கதிதான? மைக்கு உங்க கைல கீது, நாங்க கீழ நின்னுகினு கீறோம்." இருபத்துமூன்று வயசுப் பையன். இத்தனை வருஷம் டீச்சர்களிடம் மரியாதை, ஒழுக்கம், நேரம் என்று வகுப்பெடுத்தேனே, அவர்கள் கற்றுக்கொண்டது இதைத்தான். மாட்டிக்கொண்டால் அக்கா நம்மைத் தள்ளிவிட்டுவிடுவாள் என்று.

வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து பெற்றோர் குரூப்பில் எழுதிப் போட்டேன். வார்த்தை மாறாமல் உனக்கும் எழுதுகிறேன்: "மே நான்காம் தேதி விழாவில் குழந்தைகள் மோதிக்கொண்டதற்கு நான் காரணம். ஒரு பெற்றோர் கேட்டுக்கொண்டதால் திரை விலகும் முன் வரிசையை மாற்றினேன். ஜெபா மிஸ்ஸிடம் சொல்லவில்லை. பிறகு எல்லார் முன்னாலும் அவர் மேல் பழி போட்டேன். அவரிடமும், அங்கே வந்திருந்த அவர் பெற்றோரிடமும், ஹனியாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அஃப்ஸானா." இதையே வாயால் பேசி வீடியோவாகவும் போட்டேன். உன் ரிசார்ட் அம்மாவிடம் காட்டிக்கொள். முகம் நன்றாக இல்லை, மன்னித்துக்கொள்.

ரித்திகாவை அவள் வீட்டில் வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவளோடு அந்த அபார்ட்மெண்ட் பிள்ளைகள் பாதிப்பேர் போனார்கள். போகட்டும். விழா அன்றே மைக்கில் சொல்லியிருந்தால் இதே ஆட்கள்தான் போயிருப்பார்கள், உன் அப்பா எழுந்து நின்றிருக்கமாட்டார்.

மொய்னுதீன் பாய் நேற்று வந்தார். நல்ல மனுஷன், குரல் உயர்த்தவே இல்லை. "நீங்க பெரிய மனசு பண்ணி எழுதினீங்க மேடம். ஆனா எம்பொண்ணு வேற சொல்லுதே. யார் மேலயும் தப்பில்ல, நாந்தான் ஸ்டெப்பை மறந்துட்டேன்னு சொல்லிகினே கீது. இனிமே ஆடமாட்டேன்னு சலங்கைய எடுத்து அலமாரி மேல போட்டுடுச்சு" என்றார். பாவம், பச்சைக் குழந்தை, நான் செய்ததைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறது. நான் போய்ப் பேசிப் பார்த்தேன், கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். நீ சொன்னால் கேட்பாள். என் பொருட்டு வேண்டாம், அவள் பொருட்டு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாயா?

அக்கா

*

மாமல்லபுரம்
9 ஜூன் 2025

அக்கா,

வீடியோவை அப்பாவுக்கு ஆல்வின் போட்டுக் காட்டினான். அப்பா முழுசாகப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவுக்கும் கஷ்டந்தான்" என்றார். பிறகு இரண்டாவது தடவை போடச் சொன்னாராம். உங்கள் கடன் அவரிடம் தீர்ந்தது. என்னிடமும் தீர்ந்தது. இனி என்னுடையதைச் சொல்கிறேன்.

அன்று கிழித்துப் போட்ட தாளில் இருந்தது இதுதான். திரை விலகியதும் வரிசை மாறியிருப்பதைப் பார்த்தேன். யார் வேலை என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஓரமாக சம்பத் சார் செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்றாரே. அப்போதும் சமாளித்திருக்கலாம் அக்கா. குறுக்கே ஓடுகிற இடம் வருவதற்கு நேரம் இருந்தது. நான் கையை நீட்டி ரித்திகாவை இந்தப் பக்கம், ஹனியாவை அந்தப் பக்கம் என்று காட்டியிருந்தால் அப்படியே ஓடியிருப்பார்கள். அவர்கள் பார்வை முழுக்க என் மேல்தான் இருந்தது. அதைவிட மோசமான குளறுபடியையெல்லாம் கீழே நின்று சரிசெய்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மாற்றினீர்கள் அல்லவா, நீங்களே பட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று நினைத்தேன். ஆடுவதை நிறுத்தினேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

யாருக்கும் தெரியாது. கூட்டத்துக்கு என் முதுகு மட்டும்தான், அதுவும் இருட்டில். அதனால்தான் உங்களிடம் அவ்வளவு வீறாப்பாக எழுத முடிந்தது. அப்பா எழுந்து நின்றதை எழுதினேன், என் கை எங்கே இருந்தது என்பதை எழுதவில்லை. உங்கள் மன்னிப்பில் என் பாதிப் பழியையும் சேர்த்து நீங்கள் சுமந்துவிட்டீர்கள்.

நேற்று, பக்ரீத்துக்கு மறுநாள், ஹனியா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா ஹபீபா பிரியாணி சாப்பிடாமல் விடமாட்டேன் என்று உட்கார வைத்துவிட்டார். ஹனியா முதலில் வரவில்லை. பிறகு வந்து என் பக்கத்தில் ஒட்டாமல் உட்கார்ந்தாள். பெரியவர்கள் உள்ளே போனதும் கேட்டேன், "நீ எந்த ஸ்டெப்பையும் மறக்கலயே, ஏன் அப்படிச் சொன்ன?" என்று.

என் கிளாஸில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களே கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறீர்கள். யாராவது தப்பு செய்தால் பெயர் சொல்லித் திட்டமாட்டேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவேன். தப்பு செய்தது யார் என்று அவரவரே யோசித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். பெயர் சொல்லாமல் திருத்துகிற டீச்சர் என்று என்னை மீட்டிங்கில் புகழ்ந்தீர்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

ஹனியா சொன்னாள்: "நீங்க கை கட்டினீங்க மிஸ். எல்லாரும் சரியாத்தான் ஆடினாங்க. நான் மட்டும்தான் முன்னாடியிலருந்து பின்னாடி போயிருந்தேன். அதான் நாந்தான் தப்புன்னு தெரிஞ்சிச்சு. எது தப்புன்னுதான் தெரியல. அதான் உக்காந்துட்டேன்."

மேடையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் என்னைப் பார்த்திருக்கிறார்கள் அக்கா. இந்த ஒரு மாதமும் ஒருத்தியும் வீட்டில் சொல்லவில்லை. மிஸ் கை கட்டினால் தப்பு தங்கள் மேல்தான் என்று நான் அவர்களுக்கு அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"உன்மேல ஒரு தப்பும் இல்லடா, மிஸ் உன்னப் பாத்துக் கை கட்டல" என்றேன். "அப்ப யார் மேல கோவம் மிஸ்?" என்று கேட்டாள்.

உங்கள் மேல் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் பெரியவள் ஒருத்தி மேல் இருந்த கோபத்துக்கு உன்னை மோத விட்டேன் என்று ஏழு வயசுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். வாசல் வரைக்கும் வந்து நின்றாள். பதில் வரும் என்று எதிர்பார்த்துத்தான் நின்றாள், எனக்குத் தெரியும்.

என் பங்கையும் அந்தக் குரூப்பில் போடுங்கள், என் பெயரோடு. டீச்சர்கள் மீட்டிங்கில் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். உசாமாவும் மாஸ்டரும் கேட்கட்டும். வேலைக்கு என்னை எடுப்பதா என்பதை அதற்குப் பிறகு அவர்கள் எதிரில் முடிவு செய்யுங்கள். எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

ஆனால் அதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை நான் கூடுவாஞ்சேரி வருகிறேன். நீங்களும் என்னோடு மொய்னுதீன் பாய் வீட்டுக்கு வர வேண்டும். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு நான் தனியாகப் பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஜெபா